சரிவில் உரசும் சத்தம்

ஜனவரி 6, திங்கள்

எழுத்து கோணலாகப் போகிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. நோட்டிடமே கேட்டுவைக்கிறேன். கோடு போட்ட நோட்டுதான், ஆனால் ஓர் எழுத்தும் கோட்டின் மேல் உட்கார மாட்டேன் என்கிறது. ‘ழ’ போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ‘ஞ’ இன்னும் கைக்கு அடங்கவில்லை. இன்று திங்கள் என்பதால் தப்பித்தேன், நேற்றே ஆரம்பித்திருந்தால் கிழமையிலேயே மாட்டியிருப்பேன்.

மாலை வகுப்பு டீச்சர் சொன்னார்: “நடந்ததை எழுதுங்க. தப்பா இருந்தா என்ன, யாரு மார்க் போடப் போறா?” எழுபத்திரண்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். சிரிப்பாக வருகிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஓர் ஆபீசில் லிஃப்ட் ஓட்டினேன். மாடி எண் தெரிந்தால் போதும், எழுத்து வேண்டாத வேலை. வாழ்நாள் முழுக்க ஏறி இறங்கினேன், ஓரிடத்துக்கும் போய்ச் சேரவில்லை.

இன்று நடந்தது: மாலையில் கீழே சரிவில் கர்ர்ர் என்று சத்தம். மருமகள் வந்துவிட்டாள். டீக்குத் தண்ணீர் வைத்தேன். கை வலிக்கிறது. மற்றது நாளை.

ஜனவரி 7, செவ்வாய்

சத்தத்தைப் பற்றி.

என் மகனுடைய கார். ஸ்போர்ட்ஸ் கார். நீல நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதில் உட்கார முடியாது, விழத்தான் முடியும். எழுந்து வர ஒருவர் கை கொடுக்க வேண்டும். “இதுக்கு ஒரு கட்டிலுக்குச் சக்கரம் வச்சிருக்கலாமேடா” என்றேன், வாங்கிய அன்று. “அதேதாம்பா, கூரையும் போட்டுக் குடுத்திருக்கான்” என்றான்.

எங்கள் கட்டடத்தில் வண்டி நிறுத்தும் இடம் தரைக்குக் கீழே. இறங்கும் சரிவு செங்குத்தானது. பம்பருக்கு அடியில் தாடை மாதிரி ஒரு பட்டை நீட்டிக்கொண்டிருக்கிறதே, நேராக இறங்கினால் அது தரையில் உரசும். கொஞ்சம் சாய்த்து, மெதுவாக இறங்க வேண்டும். அவனுக்கு ஏது அந்தப் பொறுமை? தினமும் உரசுவான். மூன்றாம் மாடி வரை கேட்கும். “வந்துட்டாரு உங்க பிள்ளை, தரையைச் சுரண்டிக்கிட்டு” என்பாள் மருமகள்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல். போய்விட்டான்.

இந்த வரிக்குப் பிறகு வெகுநேரம் எழுதவில்லை.

கார் கீழேயே நின்றது. ஒரு நாள் மாலை அந்தச் சத்தம் கேட்டது. நான் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்து நின்றேன். படியேறி வந்தது அவள். கையில் சாவி. “நானும் உரசிட்டேன் மாமா” என்றாள். அன்று இரவு வைத்த சோறு அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறாள்.

ஜனவரி 9, வியாழன்

தாடையில் பெரிய விரிசல். ஒரு பக்கம் தொங்குகிறது. கம்பி போட்டுக் கட்டினேன்.

ஜனவரி 11, சனி

மருமகளின் அண்ணன் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் உட்கார்வதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ரெண்டு பேருக்கு எதுக்கு இந்த வண்டி? தாடை வேற தொங்குது. வித்துட்டு, இவ எங்களோட வந்து இருக்கட்டும். நீங்களும் எப்ப வேணா வரலாம்.”

எப்ப வேணா வரலாம் என்றால் எப்போதும் வர வேண்டாம் என்றுதான் எனக்குக் கேட்டது. நான் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னாள்: “வண்டியை விக்க மாட்டேண்ணா. சரி பண்ணித் தினமும் ஓட்டப் போறேன். வெளிப்பக்கம் எல்லாம் நல்லா உழைக்கிற மாதிரி மாத்தப் போறேன்.”

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வண்டி இருந்தால் அவள் இருப்பாள். அவள் இருந்தால் இது வீடு. என் கணக்கு அவ்வளவுதான்.

ஜனவரி 18, சனி

இன்று கார் கடைக்கு என்னையும் கூட்டிப் போனாள். வழியெல்லாம் பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன். நான் ஒன்றை வாசித்து முடிப்பதற்குள் கார் நாலு கடை தாண்டிவிடும். “மெதுவா போம்மா, பாதியில நிக்குது” என்றேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். மூக்குக் கண்ணாடியை மொட்டைத் தலையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுகிறவர். மூன்று தாடைகளைத் தரையில் வைத்தார். கடையில் அதற்கு லிப் என்று பெயர்.

முதலாவது கார்பன். கறுப்பாக, பட்டுப் போலப் பளபளப்பு. “அழகுக்கு இதை அடிச்சுக்க முடியாது. ஆனா தினமும் ஓட்டுற வண்டிக்கு வேணாம். ஒரு இடி, சில்லு சில்லாப் போயிடும்” என்றார். இரண்டாவது ஃபைபர். அதுவும் விரியும், ஆனால் ஒட்டலாம். மூன்றாவது ரப்பர் மாதிரி வளைகிற பிளாஸ்டிக். பார்க்க ஒன்றும் இல்லை.

“ஐயா, இது மேல ஏறி நில்லுங்க.”

நின்றேன். எனக்குக் கீழே நெளிந்தது. இறங்கியதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது.

“இதுதாம்மா” என்றேன். “மனுஷனையே தாங்குது.”

“சரிவுல பட்டாலும் உடையாது. வளைஞ்சு குடுத்துடும், சத்தம்கூட வராது” என்றார் மாஸ்டர். நல்லதுதானே என்று தலையாட்டினேன்.

பிறகு பின்பக்கம் வைக்கிற றெக்கை ஒன்றைக் காட்டினார். “எங்க பறக்கப் போறோம்?” என்றாள் அவள். அதை உள்ளே கொண்டுபோய்விட்டார். சக்கரத்துக்குப் பின்னால் கல் தெறிக்காமல் இருக்க மட்ஃபிளாப் எடுத்தோம். முன்பக்கம் முழுவதும் பெயின்ட் மேல் ஒட்டுகிற கண்ணாடி மாதிரி ஃபிலிம். சின்னக் கீறல் விழுந்தால் வெயில் பட்டுத் தானே ஆறிவிடுமாம். மனிதத் தோலைவிட நல்ல தோல்.

“தினமும் எவ்வளவு ஓட்டுவீங்க?” என்று மாஸ்டர் கேட்டார்.

“போக வர நூறு கிலோமீட்டர். ஹைவே. ஜல்லி லாரி நிறைய போகும்.”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் ஆபீஸ் நாலு சிக்னல் தள்ளி இருக்கிறது. உறுதியான பொருளாகத் தரட்டும் என்று ஒரு போடு போடுகிறாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 19

அவள் பொய் சொல்லவில்லை.

வெங்காயம் நறுக்கும்போது சொன்னாள். வேண்டுமென்றே அந்த நேரத்தைப் பார்த்து வைத்திருந்தாள் போல. வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. தங்குவது ஓரிடம், வேலை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. நடுவில் கல் குவாரிகள். அடுத்த மாதம் போக வேண்டும்.

“உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன் மாமா. நீங்களும் கேட்டுக்குவீங்கன்னு.”

கேட்டேன். சிரித்தேன். மடையன்.

“நீங்களும் வாங்க மாமா. ரெண்டு ரூம் இருக்கு.”

“இங்கே என்னம்மா குறை?”

கத்தியை வைத்துவிட்டாள். “சரிவுல இறங்குறப்ப சத்தம் வருதில்ல, ஒவ்வொரு தடவையும் அவரு வந்துட்ட மாதிரி இருக்கு. ஓட்டுறதே நான்தான், எனக்கே அப்படி இருக்கு. இங்க இருந்தா என்னால முடியல மாமா.”

எதனால் அவளால் இங்கே இருக்க முடியவில்லையோ, அதனால்தான் என்னால் இங்கிருந்து போக முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை. “எனக்கு கிளாஸ் இருக்கும்மா, ‘ஞ’ இன்னும் வரல” என்று மட்டும் சொன்னேன்.

நேற்று நான் ஏறி நின்று பார்த்து எடுத்தது எல்லாம் அவள் போகிற ரோட்டுக்கு. இன்னும் உறுதியாக, இன்னும் உறுதியாக என்று நான்தானே கேட்டேன்?

ஜனவரி 22, புதன்

வகுப்புக்குப் போகவில்லை.

ஜனவரி 25, சனி

வெட்கக்கேடு. ஆனால் எழுதிவிடுகிறேன்.

ஃபிலிம் ஒட்டுவதற்கு முன் பெயின்டைப் பார்க்க வேண்டும் என்று மாஸ்டர் கூப்பிட்டிருந்தார். கடையை இருட்டாக்கி, ஒரு வெள்ளை விளக்கைப் பானெட்டுக்குப் பக்கவாட்டில் பிடித்தார். நீலத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. சிலந்தி வலை மாதிரி.

“துணியில மண்ணு இருந்தா இப்படி ஆகும். ஆனா இது என்ன, ஒரு மாதிரி...” என்று கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கினார். “எழுத்து மாதிரி இருக்கே. யாராவது சின்னப் பிள்ளைங்க வேலையா?”

சின்னப் பிள்ளை நான்தான்.

காலையில் காரைக் கழுவுவது நான். கழுவுவதற்கு முன் பானெட்டில் தூசி படிந்திருக்கும், நல்ல பெரிய பலகை. விரலால் அதில் எழுதிப் பழகுவேன். பிறகு தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவேன். போய்விட்டது என்று நினைத்தேன். தூசி உப்புத்தாள் மாதிரி அறுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ‘அ’ பத்து இருபது இருந்தது. அதற்குக் கீழே அவன் பெயர். ஒன்றின் மேல் ஒன்றாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை அவன் பெயர்தான். கடைசியில் எழுதியவை கொஞ்சம் நேராகவே இருந்தன.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கவலைப்படாதீங்க” என்றார் மாஸ்டர். “பாலிஷ் போட்டா மொத்தமும் போயிடும். ஆனா ஒட்டுறதுக்கு முன்னாடியே போட்டாகணும். ஃபிலிமுக்கு அடியில இருக்கிறது அப்படியே இருந்துடும். வருஷக்கணக்கா இருக்கும்.”

மருமகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். விளக்கை அவளே கையில் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள்.

“பாலிஷ் வேணாம். அது மேலேயே ஒட்டிடுங்க.”

“வெயில்ல தெரியும்மா.”

“தெரியட்டும்.”

 திரும்பி வந்ததும் வீட்டு வாசலில், “ரெண்டாவது எழுத்துக்குக் கொம்பை மறந்துட்டீங்க மாமா, நாலு இடத்துல” என்றாள்.

பிப்ரவரி 1, சனி

வண்டி வேலை முடிந்து வருகிறது என்றாள். மாலை முழுவதும் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். சத்தம் இல்லை. டிராஃபிக் போல என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கூடத்தில் நின்றுகொண்டிருக்கிறாள்.

“எப்பம்மா வந்தே?”

“அப்பவே வந்துட்டேனே மாமா. நேரா இறங்கினேன். கொஞ்சம்கூடக் கேக்கல, பாருங்க.”

அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. நான் டீக்குத் தண்ணீர் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பிப்ரவரி 9

போய்விட்டாள். அண்ணன் சாமான்களோடு வேறு வண்டியில் முன்னால் போனார். அவள் கார் மெதுவாகச் சரிவு ஏறியது. வெயில் பட்டதும் பானெட்டில் அவன் பெயர் ஒரு நொடி தெரிந்தது. மாஸ்டர் பொய் சொல்லவில்லை. கை காட்டினேன். எந்தக் கையைக் காட்டினேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 12, புதன்

பழைய தாடையை மாஸ்டரிடமிருந்து கேட்டு வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். சரிவின் அடியில், பழைய கீறல்கள் வெள்ளையாகக் கிடக்கிற இடத்தில், அதை வைத்து இழுத்தேன்.

வாட்ச்மேன் வந்து பார்த்தார். “என்ன பெரியவரே, ரோடு போடுறீங்களா?”

“ஆமாம்ப்பா, கான்ட்ராக்ட் எடுத்திருக்கேன்” என்றேன்.  அவர் குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து இழுத்தோம்.

சத்தம் வந்தது. ஆனால் அது இல்லை. கனம் போதவில்லை. வண்டி வேண்டும், அதற்குள் அவன் வேண்டும். மேலே கொண்டுவந்து பழையபடி கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

மாலை வகுப்புக்குப் போனேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மேலே கிழமையில் ‘ஞ’ எப்படி வந்திருக்கிறது பார். டீச்சருக்குக் காட்ட வேண்டும்.

காலையில் போன் மினுங்கியது. எனக்கு வந்த முதல் மெசேஜ். யாரையும் கூப்பிடாமல் நானே வாசித்தேன். பாதி காலை அதற்கே போயிற்று, போகட்டும். “மாமா, இன்று மாலை வருகிறேன். சாப்பிடாமல் இருங்கள், சேர்ந்து சாப்பிடலாம். ஃபிலிமில் நிறைய கல் பட்டது. பெயர் மேல் ஒன்றும் படவில்லை.” எனக்காகவே நிறுத்தி நிறுத்தி, முழுச் சொல்லாக எழுதியிருக்கிறாள். மூன்று முறை வாசித்தேன்.

வெயில் சாய்ந்துவிட்டது. இப்போது வண்டி வந்தால் மேலே கேட்காது. வாட்ச்மேனிடம் ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். சரிவுப் பக்கம் போட்டு உட்கார்ந்துகொண்டால் வருவது கண்ணில் படும். காரிலிருந்து எழுந்து வர அவளுக்குக் கை தேவையில்லைதான், இருந்தாலும் ஒரு கை இருக்கட்டும்.

பேனாவை மூடுகிறேன். அவள் திரும்பிப் போன பிறகு வீடு சும்மாதான் இருக்கும், அடுத்த வாரம் உட்கார்ந்து மீதியை எழுதுகிறேன்.