வேம்புக்கு ஒரு பீடம்

சங்கரன்கோவில்
12.2.1982

துபாய் தேசத்து மாடமாளிகைகளைத் தன் ஒற்றைக் கரண்டியால் எழுப்பிக்கொண்டிருக்கும் கொத்தனார் சக்கரவர்த்தி, மருமகன் உச்சிமாகாளிக்கு,

மாமன் சுகம். கொசு மட்டும் கோழி சைசுக்கு வளர்ந்துட்டு. பள்ளிக்கூடம் படிக்கையில் வாசலில் நட்டியே வேம்பு, அது இப்போ தெருவுக்கே குடை பிடிக்குது. இன்னும் ரெண்டு முழம் வளர்ந்தால் கோவில் கோபுரம் போலீசில் புகார் கொடுக்கும். உன் அம்மை அதையும் ‘மாகாளி’ என்றுதான் கூப்பிடுதாள். உனக்கு விசா கிடைச்சால் மரத்துக்குப் பீடம் கட்டுவதாக நேர்ந்திருந்தாளாம். கட்டியாச்சு! தூரை ஒட்டி, சாக்கடை ஓடும் வாறுகால் வரைக்கும் அரண்மனைத் தளம் மாதிரி சிமெண்டு. தினம் குடம் குடமா மஞ்சத்தண்ணி ஊத்துதாள்.

இப்படிக்கு,
ஏழுலகம் புகழும் மாமன்
சுயம்புலிங்கம்


துபாய்
3.3.1982

அன்புள்ள மாமாவுக்கு,

கடுதாசி படிச்சுச் சிரிச்சேன். பீடம்னு வந்ததும் சிரிப்பு நின்னுட்டு. சிமெண்டுதான் மாமா என் பொழைப்பு. அதுக்குள்ள சொட்டுத் தண்ணி இறங்காது. வேர் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தூரைச் சுத்தி வண்டிச்சக்கர அகலத்துக்கு உடச்சு, மண்ணைக் கிளறி விடுங்க. நான் சொன்னேன்னு அம்மைக்கிட்டச் சொல்லுங்க. பாஸ்போர்ட் கம்பெனிக்காரன் கையில இருக்கு. அடுத்த வருசம்தான் லீவு.

உங்கள்
உச்சிமாகாளி


சங்கரன்கோவில்
9.5.1982

மருமகனே,

கடப்பாரையோடு பீமசேனனாகப் புறப்பட்டேன். உன் அம்மை பீடத்தின்மேல் குறுக்கே படுத்துட்டாள். “ஏலே தம்பி, எம்மவன் நெஞ்சிலயா குத்தப் பாக்க? முதல்ல என்னை இடி” என்கிறாள். ஆயிரம் யானையை அடக்கியவன், அக்காளிடம் தோற்றுத் திரும்பினேன்.

மரம் பாதி உதிர்ந்துட்டு. “அங்கன அவனுக்கு என்னமோ ஆயிட்டு. கடுதாசியை நீயே எழுதி ஏமாத்துத” என்று சோத்தைத் தள்ளுதாள். உன் போட்டோ ஒன்று உடனே அனுப்பு. இதில் அளப்பு இல்லை, மக்கா.

மாமன்
சுயம்புலிங்கம்


துபாய்
28.5.1982

மாமா,

நேத்து எடுத்த போட்டோ வச்சிருக்கேன். காட்டி, ஒரு வாய் சோறு ஊட்டுங்க. அவ திட்டினாலும் பரவாயில்ல, பீடத்தை உடச்சிருங்க.

உச்சிமாகாளி


சங்கரன்கோவில்
2.7.1982

உச்சிமாகாளி,

தந்தியில் மூணு வார்த்தைக்கு மேல் எழுதக் கை வரவில்லை. மிச்சம் இது.

போட்டோவை வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தாள். “இது அவன் போவும்போது எடுத்தது. மரம் பொய் சொல்லாது” என்றாள். அதற்குப் பிறகு கஞ்சியும் தொடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பீடத்தை உடைச்சேன். தடுக்க ஆள் இல்லை. அடியில் மண் சாம்பலாகக் கிடந்தது. அவள் ஊத்தின தண்ணி அம்புட்டும் சரிவில் ஓடி வாறுகாலில் விழுந்திருக்கு. அங்கன புல் முழங்கால் உயரம் நிக்குது.

மரத்தை வெட்டியாச்சு.

வரும்போது குடை கொண்டு வா. தெருவில் நிழல் இல்லை.

சுயம்புலிங்கம்