அமரவிளைப் பாலம் தாண்டி

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் காரை இப்போது நான் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். பயந்து பயந்துதான் ஓட்டுகிறேன். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. மடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஆனாலும் பின்கண்ணாடியில் ஒட்டிய எல் போர்டை இன்னும் கிழிக்கவில்லை. அதைப் பார்த்தாவது வருகிறவன் கொஞ்சம் விலகிப் போகமாட்டானா?

ஏன் ஓட்டப் படித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்று அமரவிளைப் பாலத்துக்குப் பக்கத்தில், நெற்றியில் வேர்வை வழிய, நெஞ்சைப் பிடித்துக்கொண்டே காரை ஓரமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கும் போட்ட பிறகுதான் சாய்ந்தீர்கள். "விமலா, கொஞ்சம் வெள்ளம் தா" என்றீர்கள். நான் தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதற்குள் உங்கள் கண் செருகிவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். ஒரு ஆட்டோ நிற்பதற்குள் எவ்வளவு நேரம் போனதோ. கொஞ்சம் முன்னதாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால்? அதை நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. பதிலுக்குப் பயம்.

இந்தக் கிறிஸ்துமஸ் கழிந்ததும் உங்கள் அக்கா லீலா மைனி வந்து நின்றார்கள்.

"மக்கா, காரு எதுக்கு சும்மா கெடக்குது? நல்ல குளிரு காலமாக்கும். கன்னியாகுமரி வரைக்கும் ஒண்ணு போயிட்டு வருவோம்."

"மைனி, நான் நெய்யாற்றின்கரை தாண்டுனதே இல்ல."

"அதுக்கென்ன, பக்கத்துல நான் உண்டுல்லா?"

மைனிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பதை அப்போது நான் சொல்லவில்லை.

பெருங்கடவிளையில் இருந்து காலையில் கிளம்பினோம். ரப்பர் தோட்டங்களுக்குள் பனி கலையாமல் நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது; மைனி சேலைத் தலைப்பைக் காதோடு சுற்றிக்கொண்டு கீர்த்தனை பாட ஆரம்பித்தார்கள். வீடுகளில் காகித நட்சத்திரங்கள் இன்னும் தொங்கின. நெய்யாற்றின்கரை ஜங்ஷனில் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தும் என் வண்டி அணையவில்லை. அந்தச் சின்னக் காரியத்துக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வேன்?

பாலம் வந்ததும் மைனி பாட்டை நிறுத்தினார்கள். நீங்கள் சாய்ந்த அந்த ஓரத்தைப் பார்க்காமல், முன்னால் போன காலி லாரியின் முதுகையே பார்த்துக்கொண்டு கடந்துவிட்டேன். அப்பால் ஒரு கடையில் நிறுத்திச் சூடாகச் சாயா குடித்தேன். ஒரு பழம்பொரியும் தின்றேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், வண்டியில வாந்தி வரும்" என்று மைனி தண்ணீர் மட்டும் குடித்தார்கள்.

பாறசாலை தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தலை கதவில் சாய்ந்து கிடக்கிறது. நெற்றியெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை, அத்தான்!

"மைனி! மைனீ!"

உதடு அசைந்தது. சொல் வரவில்லை. அதே ரோடு, அதே கார், அதே வேர்வை. கத்தினேனா, ஜெபித்தேனா, தெரியாது. பாறசாலை ஆஸ்பத்திரியைப் பின்னால் விட்டுவிட்டு வந்திருந்தோம். அந்தப் பெரிய ரோட்டில் வண்டியைத் திருப்ப நான் படித்ததே இல்லை. இண்டிகேட்டரைப் போட்டேன், ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை, திருப்பிவிட்டேன். எதிரே வந்த டெம்போக்காரன் தலையை நீட்டி ஏதோ ஏசினான். ஏசட்டும்.

வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். மைனியை உள்ளே கொண்டுபோன பிறகு எனக்குக் காரைவிட்டு இறங்க முடியவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள்.

"பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க. ஷுகர் தாழ்ந்து போச்சு. இன்சுலின் போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடாம வந்திருக்காங்க. வேகம் கொண்டு வந்தது நல்லதாச்சு."

குளுக்கோஸ் ஏறிக் கண் விழித்ததும் மைனி கேட்ட முதல் கேள்வி: "ஏட்டி, காரு எங்க இடிச்ச?"

எங்கேயும் இடிக்கவில்லை என்றேன். சிரிப்பதற்குப் பதில் அழுதுவிட்டேன். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ மனசுல வச்சிருக்கது எனக்குத் தெரியும் மக்கா. அன்னைக்கு டாக்டரு எங்கிட்ட சொன்னாரு. ஆஸ்பத்திரி வாசல்லயே விழுந்திருந்தாலும் அவன் பிழைச்சிருக்க மாட்டான். நீ கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அன்று மதியம் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் மைனியும் நானும் சூடான தோசை தின்றபோது, நீங்கள் போன பிறகு முதல்முறையாக எனக்குச் சாப்பாட்டின் ருசி தெரிந்தது.

பயம் போய்விடவில்லை. திரும்பி வரும்போதும் மைனியின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். "ரோட்டப் பாருடி" என்று திட்டு வாங்கினேன்.

வரும் சனிக்கிழமை மறுபடியும் கிளம்புகிறோம். மைனி இட்லி தின்று முடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் தொடுவேன். களியக்காவிளையும் தாண்டி, தெற்கே ரோடு முடிகிற வரைக்கும் அவர்களைப் பத்திரமாகக் கொண்டு போவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

நடுங்கிக்கொண்டே ஓட்டும் உங்கள் மனைவி,
விமலா