தீக்குச்சிக் கால் ஆட்டுக்குட்டி

மத்திகிரி,
நவம்பர் 12

என் அன்பு மகள் லிபியாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறோம், நீயும் டப்ளின் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உனக்கென்று ஒரு பத்து மணி தனியாகச் சொல்கிறேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை எடுத்து எழுத்தைப் பெரிதாக்கிக் கூட்டிப் படித்துவிடுவார். இது அவர் படிக்கக் கூடாத கடிதம். உன் சித்தி மகள் டெல்சியின் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை அங்கே விமானம் ஏறுகிறார், அவரிடம் உனக்கு நிலக்கடலைப் பொடி கொடுத்தனுப்புகிறேன், பொடிக்கு அடியில் இது இருக்கும். பொடியை உடனே டப்பாவில் கொட்டி வை, காற்றுப் பட்டால் சிக்கு வாசம் வந்துவிடும்.

முதலில் வீட்டுச் சங்கதி. வீட்டுச் சொந்தக்காரர் கரியப்பன் இந்த வீட்டை இடித்துவிட்டு, கம்பெனிக்கு வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டப் போகிறாராம். முப்பதாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும். இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தவர்கள் என்று அவருக்கும் வருத்தம்தான், ஆனால் கடன் கொடுத்த பேங்க்காரன் வருத்தம் பார்க்க மாட்டான் என்கிறார். சூளகிரியில் மாடி வீடு ஒன்று பார்த்திருக்கிறோம், தண்ணீர் பரவாயில்லை. பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. நான் வாசற்கதவுப் பக்கம் போகும்போதெல்லாம் கட்டின சாமானைத் திரும்ப அவிழ்த்துவிடலாமா என்று தோன்றுகிறது, ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீ எழுதின "நாலாவது ஷிஃப்ட்" கதைப் புத்தகம் ஒன்பதையும் நான் படித்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அப்பா அம்மாமார் மூன்று ஷிஃப்டில் வேலைக்குப் போக, வீட்டில் இருக்கிற பிள்ளைகள் நாலாவது ஷிஃப்டாகத் துப்புத் துலக்குகிறார்கள் என்று நீ வைத்ததில் இந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பெருமை. கோயிலில் நான் எடுக்கிற மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். போன மாதம் கடைசிப் புத்தகம் வந்ததிலிருந்து சண்டைதான் நடக்கிறது. ஒன்பது புத்தகமாகத் துப்புத் துலக்குகிற உன் ரூபி தேடுகிற அவள் அண்ணன் செல்வின் வந்தானா இல்லையா என்று நீ சொல்லாமலே முடித்துவிட்டாய். கிறிஸ்துமஸ் குடில் வைத்தாயிற்று, கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது, ரூபி எழுந்திருக்கிறாள், அவ்வளவுதான், அடுத்த பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அடுத்த வீட்டுச் சுமலதாவின் மகள் வினோதா, அது செல்வினேதான் மிஸ், வேற யாரு வந்து தட்டுவாங்க என்கிறாள். இன்னொருத்தி, அது போலீஸ் மிஸ், செத்துப்போயிட்டான்னு சொல்ல வந்திருக்காங்க என்றாள், அவளை நான் காரணமில்லாமல் அதட்டிவிட்டேன். அச்சாபீஸில் கடைசிப் பக்கத்தை விட்டுட்டாங்க போல என்று சுமலதா தெலுங்கும் தமிழுமாகச் சமாதானம் சொன்னாள். எனக்கு மட்டும் கதவுச் சத்தம் பெரிதில்லை லிபியா. அதற்கு முந்தின வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. சன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டுக்குட்டி பொம்மை நிற்கிறது, அதற்கு ஒரு கால் தீக்குச்சி, குளம்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மருந்து என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தீக்குச்சி உனக்கு எப்படித் தெரியும்.

உனக்கு நான் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் தம்பி ஜாக்சன் வீட்டை விட்டுப் போன கதையில் பாதி உனக்குத் தெரியும். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, அப்பாவும் அவனும் வேலை பார்த்த கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலப் பை கொடுத்தார்கள், அடுத்த வாரம் அதே மாதிரி ஒரு பையில் கம்பெனியிலிருந்து திருடின செம்புக் கம்பிச் சுருள் கேட்டருகே அகப்பட்டது, இது யாருடையது என்று ஷிஃப்ட் முடிந்தவர்களை வரிசையில் நிறுத்தினார்கள். எல்லார் கையிலும் பை இருந்தது, ஜாக்சன் கை மட்டும் வெறுங்கை. அப்பா சூப்பர்வைசர். சொந்த மகனை மறைத்தான் என்ற பேச்சு வரக் கூடாதென்று அவரே முன்னால் போய், இது என் பையன் பைதான் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸிலேயே மறந்து வெச்சிட்டேன் நைனா என்று அவன் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அன்று காலை வந்த பஸ் ரிப்பேருக்காக ஷெட்டுக்குப் போய்விட்டது, இருபது நாள் கழித்து டிரைவர் சின்னராஜ்தான் பின் சீட்டுக்கு அடியிலிருந்து அவன் பையை எடுத்து வந்து கொடுத்தான், டிபன் பாக்ஸில் நான் கட்டிக்கொடுத்த சோறு பூசணம் பிடித்துக் கிடந்தது. அதற்குள் பிள்ளை போய்விட்டான். இதுவரை உனக்குத் தெரியும். அவன் போனபோது நான் காலைப் பூசைக்குப் போயிருந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேனே, அது பொய். நான் வீட்டில்தான் இருந்தேன். அப்பா விடியற்காலை ஏ ஷிஃப்டுக்குப் பஸ் ஏறினதும் அவன், ஐடிஐ சர்டிபிகேட்டை எடுத்துக் குடும்மா என்றான். பரண் மேல் பெட்டியை இழுத்தபோது குடில் சாமான் டப்பா விழுந்து ஆட்டுக்குட்டி ஒன்றின் கால் ஒடிந்தது. உடைந்ததைப் பார்த்தால் அவன் சும்மா இருப்பானா, போகிற அவசரத்திலும் உட்கார்ந்து தீக்குச்சியைத் தலைகீழாக வைத்து ஒட்டினான். மருந்து கீழ இருக்கட்டும்மா, குளம்பு மாதிரி இருக்கும் என்றான். இதை எடுத்துக்கொண்டு போ, கிறிஸ்துமஸுக்கு வந்து நீயே குடிலில் வை என்று அவன் சட்டைப் பையில் போட்டேன். தடுக்கவில்லை. ஒரு மாதம் கோபம் ஆறினால் வந்துவிடுவான் என்று நினைத்தேன், என் மடத்தனம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொன்னதில்லை.

அதனால் அந்த ஆட்டுக்குட்டியை அவனும் நானும் தவிர யாரும் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய், இல்லாவிட்டால் அவன் வாயால் கேட்டிருக்கிறாய். எனக்குச் சொல்லக் கூடாதென்று அவன் சத்தியம் வாங்கியிருப்பான், நீயும் வாயால் சொல்ல முடியாமல் கதையில் வைத்திருப்பாய் என்று ஒரு நேரம் நினைத்து, அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் நிற்கிறேன். அடுத்த நேரமே அந்தப் பக்கத்தை எடுத்துப் படிக்கிறேன். சன்னலில் ஆட்டுக்குட்டி மட்டும்தான் இருக்கிறது, கொண்டுவந்து வைத்த கை தெரியவில்லை. ஆள் போய், அவன் சாமானை மட்டும் யாரோ உன்னிடம் சேர்த்தார்களா. அதை எங்களுக்குச் சொல்லத் தெரியாமல்தான் பக்கத்தை வெள்ளையாக விட்டாயா. முப்பது தடவையாவது படித்துவிட்டேன், சில நாள் அவன் வந்துவிடுகிறான், சில நாள் வருவதில்லை. உன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது, மறைப்பானேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு முடிவு சொல்லாமல் விடு, அவர்கள் விளையாடப் போய்விடுவார்கள். பெற்றவளை இப்படி விடாதே சாமி, என்னால் முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் தட்டினது யார் என்று கேட்கிறார்கள். அவன் கதவைத் தட்டுகிற அன்றைக்குத் திறக்க உள்ளே நாங்கள் இருக்க மாட்டோம், கதவே இருக்காது, அதுதான் என் கவலை. ஆறு வருஷமாக அவன் போன் பண்ணினதில்லை, வந்தால் நேராக இங்கேதான் வருவான்.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் புத்தகத்துப் பொடி எழுத்து தெரிவதில்லை, கடைசி அத்தியாயத்தை வினோதாதான் படித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு, யாருமில்ல, காத்துக்குக் கதவு ஆடியிருக்கும் என்று சொல்லித் துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோனார். அன்றிலிருந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, நான் போட்டாலும் எடுத்துவிடுகிறார். நேற்று மாலை வெகுநேரம் உள்ளே வரவில்லையே என்று போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு எதிரே கரண்ட் கம்பம் இருக்கிறதல்லவா, அதில் கம்பெனி மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தார். வேலையில் இருந்தபோது தேறாத சாமானுக்குச் சிவப்பும் தேறினதற்குப் பச்சையும் போடுவாரே, அந்தப் பச்சை மார்க்கர். வீட்டை இடிச்சாலும் கம்பத்த இடிக்க மாட்டாங்க மேரி என்றார். கோணலும் மாணலுமாக முதலில் சூளகிரி விலாசம், அதற்குக் கீழே, ஜாக்சன், பை உன்னுது இல்ல, நைனா சொன்னது தப்பு. இந்த மனுஷன் என்னிடம்கூட இந்த ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நான் எண்ணெய்த் துணி கொண்டுவந்து அவர் கை மையைத் துடைத்தேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம், அவன் சத்தியத்தையும் மீற வேண்டாம். வருகிற ஞாயிறு நீ கூப்பிடும்போது, வழக்கம்போல என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். அவன் எங்கேயாவது உயிரோடு இருக்கிறான் என்றால், களி சாப்பிட்டேன் என்று சொல். அந்த ஊரில் ராகிக் களி ஏது என்று அப்பா சிரிப்பார், சிரிக்கட்டும். சோறு என்று சொன்னால் நான் புரிந்துகொள்வேன், குழம்பு என்ன என்று கேட்பேன், நீயும் ஏதாவது ஒரு குழம்பைச் சொல்லிவிடு. அப்பா பக்கத்தில் இருப்பார், அதனால் அழ மாட்டேன். களி என்றால் அவனிடம் கம்பத்தைப் பற்றி மட்டும் சொல், மழைக்கு மை அழிவதற்குள் சொல்.

உனக்கும் மருமகனுக்கும் மாதா துணை இருப்பாள், ஆண்டவர் உங்கள் கையிலும் காலிலும் காவலாக இருக்கட்டும். காலையில் வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு ஓடாதே.

உன் அம்மா,
இ. மேரிராணி
(முப்பதாம் தேதி வரை இந்த விலாசம்தான்)