ஒரு மணி நேரச் சாவி

திங்கட்கிழமை, மதியம்

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

குண்டூசி எழுதிக்கொள்வது. நான், என் வீட்டுக்காரர், குழந்தை மூவரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்தேன், கன்னம் போட்டிருக்கிறாய்.

பாப்பாவுக்குப் பத்து மாதம் ஆகிறது. இரண்டு பல் முளைத்து, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவளை முதலில் தூக்கிய வெளியாள் நீதான். மஞ்சள் சட்டை ஒன்று கொண்டுவந்தாய். நான் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, "ஒரு சின்னத் திருத்தம்தான்டி, பாஸ்வேர்டு சொல்லேன்" என்றாய். சொன்னேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டாய். அந்தச் சட்டையால்தான் இப்போது அடுப்பு மேடையைத் துடைக்கிறேன்.

ஆறு வாரம் கழித்து, நாம் இருவரும் வேலை பார்த்த மாடி அறைக்கு வந்தால், கீழே தையல் மெஷின் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. உன் மேசை காலி. நீ வேறு ஊரில், வேறு கம்பெனியில், நம் வேலையோடு. ஏழு முறை போன் செய்தேன். நீ எடுக்கவே இல்லை. அப்புறம்தான் பேட்டி வந்தது. "ஒண்டி ஆளா உட்கார்ந்து செஞ்சேன்" என்று சொல்லியிருந்தாய். ஒண்டி ஆளாமே! 

பிசியோதெரபிஸ்ட் தன் அறையிலிருந்தே, வீட்டில் இருக்கும் நோயாளியின் முழங்காலைப் பார்க்க வேண்டும், எந்தச் செயலியையும் இறக்கிக்கொள்ளாமல் பிரவுசரிலேயே பார்க்க வேண்டும் என்றுதானே ஆரம்பித்தோம்? கேமராவைத் திறப்பதும் எதிர்முனையின் முகத்தைக் கொண்டுவருவதும் லைப்ரரி என்று நாம் வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த ஆயத்த நிரல் தொகுப்பின் பொறுப்பு. அதை நம் பேச்சுக்குப் பழக்க நாலு மாதம் பிடித்தது. முதல் நாள் திரையின் இரண்டு கட்டத்திலும் உன் மூக்கு மட்டும் தெரிந்தது. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அதையும் பேட்டியில் சொல்லியிருக்கலாமே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே நுழைய நாம் கொடுக்கிற டோக்கன் ஒரு மணி நேரச் சாவி. அது முடிய அரை நிமிடம் இருக்கும்போது லைப்ரரி நாம் எழுதிய நிரலைக் கூப்பிட்டுச் சொல்லும். பதிலுக்குப் புதுச் சாவியை நீட்ட வேண்டும். யாரும் நீட்டாவிட்டால் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். பதில் சொல்லும் அந்த வரிகளை வலி எடுத்த அன்று காலையில்தான் எழுதினேன். அவை என் லேப்டாப்பிலேயே தங்கிவிட்டன. நீ அள்ளிக்கொண்டு போனதில் அவை இல்லை.

முழங்கால் பார்க்க இருபது நிமிடம் போதும் என்பதால் இதுவரை தப்பித்தாய். புதன்கிழமை காலை பத்து மணிக்கு, முந்நூறு டாக்டர்கள் முன்னால், இரண்டு மணி நேர நேரலை என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறாய். நீ சரிசெய்திருப்பாய் என்று சந்தேகப்பட்டேன். பிரவுசரில் ஓடுவதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் அல்லவா? பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. கோப்பின் மேலே இருந்த என் பெயரை மட்டும் அழித்திருக்கிறாய்.

சரியாகப் பதினொரு மணிக்கு முந்நூறு பேர் முன்னால் திரை கறுக்கும். அரங்கைத் தனியாகக் காட்டும் ஒளிபரப்பில் நான் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். எனக்கு அது வேண்டும். உன் முகம் வெளிறுவதைப் பார்க்க வேண்டும்.

"போன் பண்ணிச் சொல்லிடேன், பாவம்" என்றார் வீட்டுக்காரர். "யாரு பாவம்?" என்று கேட்டேன். பால் புட்டியைக் கழுவப் போய்விட்டார்.

அந்த வரிகளை இத்துடன் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் நான்கு. உன் கோப்பில் முப்பத்தெட்டாவது வரிக்குக் கீழே சேர்த்துக்கொள். இனி வரும் நோயாளிகள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?

இப்படிக்கு,
குண்டூசி

பின்குறிப்பு: தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். "நாளைக்கே போற மாதிரி அனுப்பட்டுமா? சாதாரணமா போட்டா வியாழக்கிழமை ஆயிடும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். "சாதாரணமாவே போகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

ஆக, இதை நீ படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். எங்கே பிழை என்று கேட்க உனக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. என் எண் மாறவில்லை. புதன்கிழமை காலையிலிருந்தே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பத்து ஐம்பத்தொன்பதுக்குக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். திரை கறுத்த பிறகு கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

நன்றாக இரு. கூப்பிட்டாயாடி?