புதன்கிழமை நடனத்துக்கு வெர்னா குபியாக்கை மறுபடி அனுமதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
லியோனா சாஸ்ட்ரோ,
தன்னார்வலர், முதியோர் மையச் சமையலறை,
மில் தெரு, ஹார்லன் க்ரீக்,
விஸ்கான்சின்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாவட்ட முதியோர் நலத்துறை.

பொருள்: திருமதி வெர்னா குபியாக் புதன்கிழமை நடனத்துக்கு வரக்கூடாது என்று மையம் போட்ட தடையை நீக்கித் தர வேண்டுவது.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எங்கள் மையத்தில் புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுப் போல்கா நடனம் ஆடுவது வழக்கம். பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, அக்கார்டியன் வாசிப்பது எல்லாம் எங்களைப் போன்ற கிழடுகள்தான். யாருக்கும் சம்பளம் கிடையாது. வெர்னா குபியாக் இந்த ஆட்டத்துக்கு ஆரம்பத்திலிருந்தே வருகிறவர். இப்போது அவருக்கு மறதி நோய். கணவர் ஆம்ப்ரோஸ்தான் கைபிடித்து அழைத்து வருவார். அந்தக் கணவரின் பெயரே சில நாள் அவர் வாயில் வராது. ஆனால் பாட்டுத் தொடங்கிவிட்டால் கால் தப்பாது.

2. சம்பவம் செப்டம்பரில் நடந்தது. நாங்கள் கடைசியாக ஆடுவது வட்ட ஆட்டம். ஆண்கள் அவரவர் இடத்தில் நிற்பார்கள். பெண்கள் ஒரு சுற்று ஆடியதும் ஒருவர் கையை விட்டு அடுத்தவர் கையைப் பிடித்து முன்னே போவோம். துணை போய்விட்டவர் யாரும் சுவரோரம் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகவே உள்ள ஆட்டம் இது. அன்று கதவருகே நின்ற கிளாரன்ஸ் ஹ்யூபர், பாட்டு பாதியில் இருக்கும்போதே காபி எடுக்கப் போய்விட்டார். கேட்டதற்கு, "ரெண்டு நிமிஷந்தானே லியோனா, என்னை யாரு தேடப் போறா?" என்கிறார்.

வெர்னா தேடினார். முன்னவர் கையை விட்டுவிட்டு, கையை நீட்டிக்கொண்டே அடுத்த இடத்துக்குப் போனார். பிடித்துத் திருப்பிவிட அங்கே ஆள் இல்லை. கதவு திறந்து கிடந்தது. அடி பிசகாமல் ஆடிக்கொண்டே வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார். ரொட்டி கொண்டுவந்த வண்டிக்காரர்தான் பத்திரமாக உள்ளே கூட்டிவந்தார். "இந்தம்மா என்னை ஆடக் கூப்பிடுறாங்க. எனக்கு ஆடத் தெரியாதே, என்ன பண்ண?" என்று சிரித்தார். ஒரு கீறல்கூட இல்லை.

3. அடுத்த வாரமே மையத்தின் புதிய பொறுப்பாளர் ஆம்ப்ரோஸை அழைத்து, வெர்னா நினைவு தப்பி அலைந்ததாகவும், தனியாக இயங்க முடியாதவர்களுக்கு நிகழ்ச்சிகளில் இடமில்லை என்பது விதி என்றும் சொல்லியிருக்கிறார். அம்மையீர், அவர் அலையவில்லை. முன்னே போக வேண்டிய ஆட்டத்தில் முன்னே போனார். வட்டத்தில் ஓட்டை விட்டது நாங்கள். தண்டனை மட்டும் அவருக்கு.

4. சிநேகிதிக்காகப் பரிந்து எழுதுகிறேன் என்று தாங்கள் எண்ண வேண்டாம். அவர் எனக்குச் சிநேகிதி இல்லை. 1968 கோடைச் சந்தைப் போட்டியில் நான் வைத்த வெள்ளரிக்காய் ஊறுகாயை, அது என் மாமியார் போட்டது என்று நடுவரிடம் போய்ச் சொன்னவர் இதே வெர்னாதான். பரிசு கைநழுவியது. அன்று அவர் போட்டிருந்த மஞ்சள் சட்டைகூட எனக்கு மறக்கவில்லை. தடை வரும்வரை புதன்தோறும் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டுவேன். அவரோ, "அடப்பாவமே! எவ அவ? அந்தச் சிறுக்கியை எங்கிட்ட காட்டுங்க, நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி நான் கேக்குறேன்" என்பார். இந்த விஷயத்தில் இன்றுவரை என் பக்கம் நின்று பேசிய ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் நான் அவரை மன்னிக்கவில்லை. இதையும் தாங்கள் குறித்துக்கொள்ளலாம்.

5. தடைக்குப் பிறகும் ஆம்ப்ரோஸ் புதன்கிழமை மனைவியை அழைத்துக்கொண்டு வருகிறார். எங்கள் ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். வெர்னாவின் கால் வண்டிக்குள்ளேயே தாளம் போடுகிறது. "வீட்ல இருக்க மாட்டேங்கிறா லியோனா. கோட்டைப் போட்டுக்கிட்டு வாசல்ல போய் நிக்கிறா. புதன்கிழமைன்னு அவளுக்கு எப்படித்தான் தெரியுதோ" என்றார் ஆம்ப்ரோஸ். அந்த மனிதர் இதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்கிறவர் இல்லை. அதனால் நான் கேட்கிறேன்.

6. ஏற்பாடு எல்லாம் செய்துவிட்டோம். ஆட்டம் முடியும்வரை கதவருகே சமையலறைப் பெண்கள் இருவர் நாற்காலி போட்டு உட்காருவோம். கிளாரன்ஸ் இனிமேல் காபியை முன்னாலேயே குடித்துவிடுவதாக எல்லார் முன்னிலும் வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லாததால் அவரைக் கதவுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தப்போகிறோம். பொறுப்பாளருக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது. தங்கள் உத்தரவு ஒன்றுதான் பாக்கி.

7. கடைசியாக ஒன்று. மற்றவர் சொல்லித் தங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். சென்ற புதன்கிழமை கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஆம்ப்ரோஸின் வண்டியைச் சுற்றி வட்டம் போட்டோம். "யாராவது விழுந்தா யாரு பொறுப்பு?" என்று பொறுப்பாளர் வாசலில் நின்று கத்தினார். நான் என்று சொன்னேன். ஆம்ப்ரோஸ் கதவைத் திறந்துவிட, வெர்னா இறங்கி வந்து வட்டத்தில் சேர்ந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "ஏங்க, இவ்வளவு நாளா எல்லாரும் எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார்.

பனி விழத் தொடங்கினால் வண்டி நிற்கும் அந்தத் தரை கண்ணாடிபோல் வழுக்கும். அதற்குள் தாங்கள் மனம் வைத்து வெர்னாவை உள்ளே விடச் சொல்லுமாறு மன்றாடிக் கேட்கிறேன். அதுவரை எங்கள் கடைசி ஆட்டம் வெளியில்தான்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
லியோனா சாஸ்ட்ரோ
(கையொப்பம்)

இடம்: ஹார்லன் க்ரீக்
நாள்: 21 அக்டோபர் 2019