துப்பாக்கி விளையாட்டுக்குள் ஒரு மிளகாய்க் குடோன்

நேமம், திருவனந்தபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் உன் தம்பி ஜினுவும் சுகமாக இருக்கிறோம். அந்தப் போலந்துக் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்றுதான் என் ஜெபமெல்லாம். போன் போட்டால் நீ எடுப்பதில்லை, மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது, அதைப் பார்த்து நீ சாப்பிட்டாயா அழுதாயா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது. எதிர்வீட்டு பிஜி வேலை கிடைத்து உங்கள் ஊருக்கு வருகிறாள் என்று கேட்டதும், அவள் கையில் கொடுத்துவிட இதை எழுத உட்கார்ந்தேன். கூடவே மாங்காய் அச்சாறும் தேங்காய் வறுத்திடித்த சம்மந்திப்பொடியும் வைத்திருக்கிறேன்.

கடைசியாகப் பேசிய அன்று நீ சொன்னது என் காதைவிட்டுப் போகவே இல்லை. வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்த துப்பாக்கி விளையாட்டை ஆடிப் பார்க்கச் சும்மா வெளியே விட்டீர்களாம், ஆடினவர்களெல்லாம் இது ஏற்கெனவே நூறு தடவை ஆடியதுதான், பெயர் மட்டும்தான் புதுசு என்று எழுதிவிட்டார்களாம். அந்த விளையாட்டுக்குள் நீ தனியாகச் செய்த ஒரு பின்பக்கக் குடோனையும் எடுத்துவிடலாம், அங்கே யாரும் போவதில்லை என்று உன் மேலாள் சொன்னாராம். “எனக்க தலையில புதுசா ஒண்ணும் இல்லம்மா, நான் வேலைய விட்டுட்டு வாறேன்” என்று நீ அழுதாய். வா மக்களே, உனக்கு இங்கே சோறு இல்லையா என்று மட்டும்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். அவரை உனக்குத் தெரியுமே, நீ இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சபையில் யார் கேட்டாலும் மகள் பொம்மை செய்கிற கம்பெனியில் இருக்கிறாள் என்றுதான் சொல்லிவந்தார், மனுஷனைச் சுடுகிற விளையாட்டு என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தென்னைக்குத் தண்ணீர் விடப் போனார். திரும்பி வந்து ஜினுவிடம், “லே, அவளுக்க விளையாட்டு ஒனக்க கம்ப்யூட்டர்ல கிட்டுமா?” என்று கேட்டார்.

அடுத்த நாள் சாயங்காலம் ஜினு அதை ஏற்றிக் கொடுத்தான். காதில் ஹெட்போனை மாட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, அப்பா உட்கார்ந்த இருப்பைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். கதவைத் திறப்பதற்குள் செத்தார், படி ஏறுவதற்குள் செத்தார். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் வந்துவிட்டது. “என்னத்த ஊருடே இது? எல்லா வாசலும் ஒரே வாசலாட்டு இருக்கு, எல்லாவனும் ஒண்ணுபோலச் சாவுகான், எங்க நிக்கோம்னே தெரியல்ல” என்றார். ஜினு மெதுவாக என்னிடம் வந்து, “அக்காகிட்ட சொல்லாதம்மா, இந்தச் சாம்பல் சுவரும் நீல பீப்பாயும் எல்லா கேம்லயும் உள்ளதாக்கும், துப்பாக்கி மட்டும் வேற” என்றான். சொல்லாதே என்றதை எழுதிவிட்டேன், கோபிக்காதே. என் மகள் செய்தது என்பதற்காக நல்லதாக இருக்கிறது என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். எவனோ துரத்தியதில் அப்பா வழி தெரியாமல் ஓடி ஒரு பெரிய தகரக் கொட்டகைக்குள் போய்விட்டார். உள்ளே போனதும் மழைச் சத்தம். ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார், ஜெஸ்லின், எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. நம் பழைய ஆரியசாலை மிளகாய்க் குடோன். குடோனுக்கு மேலே ஒற்றை அறையில் நாம் நாலு பேரும் இருந்த நாட்கள். அப்பா கீழே மூட்டை எடை போடுவார், மழை வந்தால் தகரத்தில் அடிக்கிற அடியில் நாம் பேசுவது நமக்கே கேட்காது, நான் உன்னைச் சாப்பிடக் கூப்பிட மேலேயிருந்து கீழே தொங்குகிற கயிற்றை ஆட்டுவேன். நீயும் ஜினுவும் பொட்டு வெடித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து சுடுவீர்கள். லாரி வந்து சரக்கு இறங்கினால் நேற்றிருந்த வழி இன்றைக்கு இருக்காது, வற்றல் மிளகாய் அடுக்கின் பின்னால் ஒளிந்தவன் தும்மிப் பிடிபடுவான். அதனால்தானோ என்னவோ, ஒரு நாளும் உங்களுக்கு அது சலித்ததே இல்லை. சாயங்காலம் ரெண்டு பேரும் கண் சிவந்து வந்து நிற்பீர்கள், தேங்காய் எண்ணெய் தடவிவிட்டே என் கை ஓய்ந்துபோகும். இப்போது அந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள், சாலைக்கடைச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் நான் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

நீ அதையெல்லாம் மறக்கவில்லை. மழைச் சத்தத்தில் எதிராளியின் காலடி கேட்காது, கூரை ஓட்டை வழியாகத் தரையில் தேங்கிய தண்ணீர் அசைந்தால்தான் ஆள் வருவது தெரியும் என்று ஜினு காட்டிக் கொடுத்தான். யாரோ சுட்ட குண்டு மூட்டையில் பட்டுச் சிவப்பாகத் தூசி பறந்தது, பின்னால் ஒளிந்திருந்தவன் இருமினான். அப்பா கையைத் தட்டிக்கொண்டு, “இதாக்கும் எனக்க மோளு செஞ்சது, பாக்கியெல்லாம் வேற எவனோ செஞ்சது” என்றார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நேரே அங்கேதான் போவார். சுடவே மாட்டார், மழையைக் கேட்டுக்கொண்டு நிற்பார், எவனாவது வந்து சுட்டுப் போடுவான், மறுபடி போவார்.

வியாழக்கிழமை ஒருவன் வந்தான், எங்கேயோ ஓர் ஊரில் உட்கார்ந்து ஆடுகிற நிஜ ஆள்தானாம். தண்ணீர் அசைந்தது, அப்பா திரும்பினார், அவன் துப்பாக்கியை நேரே நெஞ்சுக்கு நீட்டியிருந்தான். பயத்தில் அப்பா மைக்கில், “சுடாத மக்களே, செத்த நேரம் நில்லு, மழையக் கேளு” என்று தமிழிலேயே கத்திவிட்டார். அவனுக்கு என்ன புரிந்ததோ, சுடவில்லை. துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான். பிறகு குந்தி எழுந்தான், மறுபடி குந்தி எழுந்தான். ஜினு, “அது வணக்கம் சொல்லுகதுப்பா, நீங்களும் செய்யுங்க” என்று பொத்தானைக் காட்டிக் கொடுத்தான். திரையில் இரண்டு பட்டாளத்துக்காரர்களும் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறவர்கள் மாதிரி எதிரெதிரே நின்று மாறி மாறிக் குந்தி எழுந்தார்கள். நான் சிரித்தேன், எனக்குக் கண்ணும் நிறைந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆட்டநேரம் முடிகிறவரை மழையைக் கேட்டார்கள். அப்பாவின் பக்கம் தோற்றுவிட்டது, அவருக்கு ஜெயித்தவனைவிடச் சந்தோஷம்.

இன்று காலை சபை முடிந்ததும் பாஸ்டரம்மா வழக்கம்போல் உன்னை விசாரித்தார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னே அப்பா, “எனக்க மோளு துப்பாக்கி விளையாட்டு செய்யா, அதுக்குள்ள நல்ல மழை பெய்யுது, வீட்டுக்கு வந்தா காட்டித் தாறேன்” என்று சொல்லிவிட்டார். பாஸ்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மக்களே, வேலையை விடுவதும் இருப்பதும் உன் இஷ்டம், நீ எப்போது வந்தாலும் உன் கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் தலையில் புதுசாக ஒன்றும் இல்லை என்று மட்டும் இனிச் சொல்லாதே, அந்தக் கொட்டகையில் நான் நின்று கேட்டிருக்கிறேன். தலையை ஈரத்தோடு கட்டாதே, ராத்திரி ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. அச்சாறு பாட்டிலில் ஈரக் கரண்டி போடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா ஜெயபாய்

மோளே, என்னைச் சுடாமல் மழையைக் கேட்டானே, அந்தப் பையன் எந்த ஊர்க்காரன் என்று உங்கள் கம்பெனியில் கேட்டுச் சொல். அங்கேயும் தகரக் கூரை உண்டுமா?
– அப்பா சுவாமிதாஸ்