இடது பக்கத்துப் பேய்

2 மார்ச் 2025, ஞாயிறு

அண்ணன் நைஜல் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைக் காலி செய்கிறார். பூசை முடிந்து பார்க்கப் போனால், பள்ளிக்கூட நாளில் நாங்கள் அடித்துக்கொண்டு விளையாடிய டிவி கேம் பெட்டியை என் கையில் திணித்துவிட்டார். கிள்ளானுக்குக் கொண்டுவந்து ஸ்டோரில் கிடந்த குண்டு டிவியில் மாட்டினேன். ஓடுகிறது! சந்துசந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்ன வேண்டும், நான்கு பேய்கள் துரத்தும், அந்த ஆட்டம்.

மகள் நடாலியோடு விளையாடினேன். செத்துச் செத்து விழுந்தேன். எல்லாம் இடது பக்கம். இந்தப் பெட்டிக்கு நான்கு பேயையும் ஒரே நேரத்தில் காட்டத் தெம்பில்லை, மாற்றி மாற்றி மினுக்கும், அதனால் கண்ணில் படாது என்று அவளுக்கு விளக்கினேன்.

"மினுக்குது டேடி, ஆனா மறையல. அங்கயேதான் இருந்துச்சு."

ஐம்பத்து மூன்று வயதில் தோற்பதற்கு ஒரு சாக்கு வேண்டாமா என்று சிரித்தாள்.

5 மார்ச்

ஜாய்ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்தேன். துடைத்தும் அதே கதை. பெட்டிக்கு வயசாகிவிட்டது.

8 மார்ச், சனி

இன்று ஒன்று நடந்தது. எல்லாப் புள்ளியையும் தின்றுவிட்டேன், ஆட்டம் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. பெட்டி மாட்டிக்கொண்டது என்று நினைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்ற நடாலி கேட்டாள்: "என்ன டேடி, கீழ லெஃப்ட்ல ஒரு வரிசை அப்படியே இருக்கே. ஏன் சாப்பிட மாட்டேங்கறீங்க?"

திரும்பிப் பார்த்தேன். இருந்தது. முழு வரிசை.

உன்னைச் சோதித்தேன் என்று சமாளித்தேன். அவள் நம்பினாளா தெரியவில்லை.

11 மார்ச்

போர்ட்டிலிருந்து கொண்டெய்னர் ஏற்றி மேருவுக்கு டிரெய்லர் ஓட்டிப் போனேன். தொழிற்பேட்டைச் சந்தில் இடது பக்கம் ஒடிக்கும்போது கதவில் படபடவென்று அடி. பிரேக்கில் ஏறி நின்றேன். இறங்கிப் பார்த்தால் ஒரு பெண், மோட்டார் சைக்கிளோடு கால்வாய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். ஹேண்டிலில் பாசாரில் காய்கறி வாங்கிய பை தொங்குகிறது. டயருக்கும் அவள் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்குமா?

"அண்ணே, ஹாரன் அடிச்சிக்கிட்டே வரேன். கண்ணாடியில என்னையப் பாக்கலயா?"

பார்த்தேன். மாதா மேல் ஆணையாகப் பார்த்துவிட்டுத்தான் ஒடித்தேன். கண்ணாடியில் ரோடு மட்டும்தான் இருந்தது.

12 மார்ச்

அவள் திட்டியிருந்தால் தேவலை. நடுங்கினாள்.

14 மார்ச்

வீட்டில் யாரும் இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, நடுவில் மட்டும் பார்த்தேன். இருட்டாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இருட்டே இல்லை. இடது பக்கச் சந்துகள் இல்லை, அவ்வளவுதான். இல்லை என்பதும் தெரியவில்லை. பேய் அந்தப் பக்கம் போகிறது, இல்லாமல் போகிறது, என்னை நெருங்கும்போதுதான் முளைக்கிறது. இடது கண்ணைப் பொத்தினேன். வலது கண்ணிலும் அதே இடது பக்கத்தில் ஓட்டை இருக்கிறது, கொஞ்சம் சின்னது.

எத்தனை நாளாக? எத்தனை வருஷமாக? யார் யாரை உரசிக்கொண்டு போயிருக்கிறேன்?

அப்பா கடைசியில் சுவரைத் தடவித் தடவித்தான் கக்கூசுக்குப் போனார். இனிப்பு நீர், சர்க்கரை நோயில் போன பார்வை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஒருத்தரும் கண் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. சேசுவே, எனக்குப் பயமாக இருக்கிறது.

17 மார்ச்

இன்றும் வண்டி எடுத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இடது பக்கம் திரும்பும் இடத்திலெல்லாம் கழுத்தை முறித்து முறித்துப் பார்த்தேன்; பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே செவிடாக்கினான்.

கூட ஓட்டுகிற ரேமண்டிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "ஜனவரி மெடிக்கல்ல கடைசி வரி எழுத்து வரைக்கும் படிச்சியே. சும்மா இரு லா. வெளிய சொன்னா லைசென்ஸ் போயிரும், அப்புறம் செக்யூரிட்டியா கேட்ல உக்காந்து பூம் கட்டை தூக்கணும்."

அவன் சொன்னது சரி. எழுத்து நேராக இருக்கிறது, படித்தேன். மோட்டார் நேராக வருவதில்லையே.

20 மார்ச்

மேருவில் நடந்ததை நேற்று நடாலியிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மனைவி பெர்னடெட் கத்தவில்லை. சாப்பாடு போட்டாள், எதிரில் உட்கார்ந்தாள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மேரு கதைய ஏன் என்கிட்ட சொல்லல?"

ஒன்னும் ஆகலையே என்றேன்.

"நாளைக்கு வண்டி எடுங்க. நான் தடுக்க மாட்டேன். ஆனா கம்பெனி கேட்டுக்கு வெளிய வந்து நிப்பேன். உங்களுக்கு லெஃப்ட்ல."

அழுதுவிட்டேன், சோற்றுக் கையோடு.

21 மார்ச்

எம்.சி. லீவு போட்டேன். பெர்னடெட் கண் கிளினிக்குக்குத் தேதி வாங்கினாள்.

24 மார்ச்

ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், கண்ணை மட்டும் நகர்த்தக் கூடாது. ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டதா என்று கேட்கப் போனேன், கேட்கவில்லை. அது பாட்டுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கிளாக்கோமாவாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுமாம், வலிக்காதாம். போனது வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்தில் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பெரிய வண்டி இனி கூடாது. கார்? "அதுவும் வேணாம் அங்கிள்," என்றார், தலையைத் தூக்காமல். இது குடும்பத்தில் வருமாம், அண்ணனையும் மகளையும் காட்டச் சொன்னார்.

கவுண்டரில் நடாலிக்குத்தான் முதலில் தேதி கேட்டேன்.

2 ஏப்ரல்

நடாலிக்கு ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் பார்க்க வேண்டும். நைஜல் அண்ணனுக்கு ஆரம்பம், சீக்கிரம் பிடித்துவிட்டார்கள். போனில் அவர் குரல் உடைந்தது. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

கோவிலுக்கு பெர்னடெட் கார் ஓட்டினாள். கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் வலது பக்கம் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் இடது பக்கம் பார்த்து "கிளியர்" சொல்வார். அவள் அந்தச் சீட்டிலிருந்து எனக்குச் சொல்லாத சந்திப்பு எங்கள் பண்டமாரானில் கிடையாது. இன்று அந்தச் சீட்டில் நான்.

முதல் சந்திப்பில் நிறுத்தினாள். வலது பக்கம் பார்த்தாள். பழக்கத்தில் காத்திருந்தாள். எனக்கு ரோடு காலியாகத்தான் தெரிந்தது.

நான் "கிளியர்" சொல்லவில்லை.

அவள் என் மடிக்கு மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். ஒரு மோட்டார் போனது, முன்னால் ஒரு சின்னப் பிள்ளை நின்றுகொண்டு. அது போன பிறகு அவளே "கிளியர்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.